மெருகின் அடியில் மறையும் துரு
(தங்கவயலில் நாம் கண்டது)

கோலார் தங்கவயல் என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவது பொன். ஆயினும் அவ்வூருக்குச் செல்பவர் கண்ணுக்கு முதலில் புலப்படுவது பொன் அன்று, இரும்பேயாம். பங்காரப்பேட்டையிலிருந்து கிளைப்பாதையில் செல்லும் புகைவண்டி கோரமண்டல், உரிகம், சாம்பியன் ஆகிய நிலையங்களைக் கடந்து மாரிக்குப்பத்தில் பயணத்தை முடிக்கிறது. அவ்வழியே நாம் சென்றபொழுது, ஒருபுறம் சயனைடு மேடுகள் என வழங்கும் சாம்பல் நிறக் குன்றுகளையும், மறுபுறம் சுரங்க வாய்களின்மேல் எழுப்பப்பட்ட இரும்புக் கோபுரங்களையும் கண்டோம். அக்கோபுரங்களின் துரு எவர் கண்ணுக்கும் தெரிவது. நாம் எழுத வந்ததோ கண்ணுக்குத் தெரியாத துருவைப் பற்றி.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே தொழிலை மேற்கொண்டனர். 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் இவ்வூருக்கு வந்தது. வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் குடும்பம் குடும்பமாக இங்கே குடியேறி, பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கி உழைத்தனர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இவையெல்லாம் அன்பர்கள் அறிந்த செய்திகளே.

ஆனால் அந்த ஆழத்திற்கு மனிதரை இறக்கி ஏற்றியது ஓர் எஃகுக் கயிறு என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பல கம்பிகளை முறுக்கிச் செய்த அக்கயிறு, மேலே மசகு பூசப்பட்டுப் பளபளவென்று தோன்றும். உள்ளே ஈரம் புகுந்தால், உட்கம்பிகள் யாரும் அறியாமல் அரிக்கப்படும். ஆகையால் கயிற்றின் நுனியைக் குறித்த காலத்திற்கு ஒருமுறை வெட்டியெடுத்து, முறுக்கைப் பிரித்து, உள்நிலையை ஆராய்ந்த பின்னரே மீண்டும் கூண்டில் பொருத்த வேண்டும் என்பது சுரங்க விதி. வெளித்தோற்றத்தை நம்பி எவரையும் கீழே அனுப்பலாகாது என்பதே அவ்விதியின் கருத்து. இந்த ஒழுக்கம் சுரங்கத்தோடு மறைந்துவிடவில்லை என்பதை ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் நேரில் கண்டோம்.

அங்கே பழைய அம்பாசிடர் கார் ஒன்று வந்திருந்தது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் அமைப்பைத் தழுவி, வங்காளத்தின் உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை செய்யப்பட்ட வண்டி இது. சுரங்க வேலை நின்றபொழுது கைக்கு வந்த தொகையில் ஒரு பங்கைக் கொண்டு, குடும்பத் தலைவர் அதனை வாங்கி வாடகைக்கு ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தாராம். அவர் இன்று இல்லை. கடல் கடந்து வாழும் மகன், தங்கை திருமணத்திற்குள் வண்டிக்குப் புது வர்ணம் பூசிவைக்கும்படி பணம் அனுப்பியிருந்தான். மேற்பார்வைக்கு வண்டியில் பெருங்குறை ஏதும் இல்லை. கதவின் கீழே மட்டும் வர்ணம் சிறு கொப்புளங்களாக எழும்பியிருந்தது.

இளமையில் சுரங்கப் பட்டறையில் தொழில் பயின்றவர் அங்கே டிங்கர் வேலை செய்யும் பெரியவர். அவர் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்தினார். ஓரிடத்தில் அது பற்றாமல் நழுவியது. அங்கே தகடு இல்லை. முன்பு யாரோ பூசிய பட்டியே இருந்தது. பின்னர்ச் சிறு சுத்தியால் தட்டினார். நல்ல தகடு கணீரென்று ஒலித்தது. கெட்ட இடம் மந்தமாக ஒலித்தது. உள்ளே மிதியடிகளையும் அதன் கீழிருந்த சணல் விரிப்பையும் தூக்கியதும் ஈர வாடை வீசியது. கூரான கம்பியால் ஓரிடத்தில் அழுத்த, அது தடையின்றி உட்சென்றது.

கதவுகளின் கீழே, முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடையே நீண்டு கிடக்கும் சட்டம் உள்ளே வெற்றிடமானது. அதில் புகும் நீர் வடிவதற்கென அடியில் சிறு துளைகள் உண்டு. சேறும் புழுதியும் அத்துளைகளை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தங்கித் தகட்டை உட்புறமிருந்து தின்னும். வெளியே கொப்புளம் தோன்றும்பொழுது உள்ளே பாதி போயிருக்கும். அம்பாசிடர் வண்டிக்கு லாரியைப் போலத் தனிச் சட்டகம் கிடையாது. உடலே அதன் எலும்பு. ஆகவே அச்சட்டம் கெட்டால் அழகு மட்டும் கெடுவதில்லை. விபத்தில் உயிர் காக்கும் வலிமையே கெடும்.

பெரியவர் வீட்டு அம்மையாரிடம், “அம்மா, பட்டி வைத்து வர்ணம் பூச நான்கு நாள் போதும். ஆனால் இதில் கல்யாணப் பெண்ணை அல்லவா ஏற்றப் போகிறீர்கள்? வெட்டிப் பார்க்காமல் நான் பூசமாட்டேன்” என்றார். செலவு கூடும் என்று தயங்கிய அம்மையார், மகனோடு தொலைபேசியில் பேசிய பின் இசைந்தார்.

வேலை நடந்த முறையையும் கூறுவோம். முதலில் மின்கலத்தின் இணைப்பை நீக்கி, தீப்பற்றும் விரிப்புகளை அகற்றினர். வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, கதவு வாயிலின் குறுக்கே தற்காலிகமாக ஓர் இரும்புத் துண்டைப் பற்றவைத்தனர். இல்லையேல் சட்டத்தை அறுத்ததும் உடல் வளைந்து, பின்னர்க் கதவு பொருந்தாது. துருவைச் சுரண்டுவதோடு நில்லாமல், நல்ல தகடு தென்படும் வரை அறுத்தெடுத்தனர். அதே கனமுள்ள புதுத் தகட்டை வளைத்துப் பொருத்தி, கதவை மூடித் திறந்து பார்த்த பின்னரே, வெப்பத்தால் கோணாதபடி இடைவிட்டு இடைவிட்டுப் பற்றவைத்தனர். துத்தநாகப் பூச்சிட்டு, உட்புறத்தில் மெழுகெண்ணெய் செலுத்தி, வடிதுளைகளைத் திறந்துவிட்டனர். வர்ணம் கடைசியில்தான் வந்தது.

நம்மில் பலருடைய வீட்டு வண்டிகள் ஊரில் பல மாதம் நின்றுகொண்டிருக்கின்றன. விடுமுறையில் சென்றதும் கழுவித் துடைத்துக் குடும்பத்தோடு புறப்படுகிறோம். அன்பர்களே, புறப்படுமுன் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். வடிதுளைகளில் ஒரு கம்பியை விட்டு அடைப்பை நீக்குங்கள். பழைய வண்டியை விலைக்கு வாங்குவோர் காந்தத்தைக் கையில் கொண்டு செல்லுங்கள். புது வர்ணத்தின் மணம் வீசும் பழைய வண்டியை இருமடங்கு ஐயத்தோடு நோக்குங்கள். இவற்றிற்கு ஆகும் நேரம் அரைமணி. காக்கப்படுவதோ நம்மை நம்பி ஏறி அமர்வோரின் உயிர்.

இன்று தங்கவயலின் இளைஞர் பலர் அதிகாலையில் புகைவண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். பூமியிலிருந்து பொன் எடுக்கும் தொழில் போயிற்று. எனினும் வெளி மினுக்கை நம்பாது, வெட்டிப் பார்த்து, நல்லதன்மேல் நல்லதை இணைக்கும் கைகள் அவ்வூரில் இருக்கின்றன. அக்கைகளிடம் இளைஞர் சிலரேனும் இத்தொழிலைக் கற்றுக்கொள்வாராயின், அதுவும் தங்கவயல் ஈன்ற பொன்னே எனக் கொள்வோம்.