சாமியார் முட்டை போட்டார்

ஊரிலிருந்து முதல்முறையாக மும்பை வருகிறவர்கள் சுனாபட்டி என்று கேட்டதும், கோவில்பட்டி, உசிலம்பட்டி வரிசையில் இது இன்னொன்று என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பட்டி இல்லை இது. சுனா என்றால் சுண்ணாம்பு, பட்டி என்றால் சூளை. சூளைகள் போய் வெகுகாலமாகிறது. ஹார்பர் லைனில் குர்லாவுக்கு முந்தைய ஸ்டேஷன், சயானுக்கும் செம்பூருக்கும் நடுவே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் கட்டடங்கள், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர். இவைதான் இன்றைய சுனாபட்டி.

அந்தக் கட்டடங்களில் ஒன்றின் மூன்றாவது மாடியில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த குடும்பத்தில், 2023 ஜனவரியில் ஓர் ஓணான் குடியேறியது. கொண்டுவந்தவர் வீட்டின் மூத்த பேரன். வயது 24, குர்லாவில் ஆடிட்டர் ஒருவரிடம் வேலை. புனேயில் இருந்த நண்பர் கனடாவுக்குப் படிக்கக் கிளம்பும்போது, கண்ணாடித் தொட்டி, பல்பு, ஒரு டப்பா பூச்சியோடு ஒப்படைத்துவிட்டுப் போனார். "ரெண்டு வெச்சிருந்தேன், ரெண்டும் ஆண்தான். ஒண்ண இன்னொருத்தன் எடுத்துக்கிட்டான்" என்று சொல்லியிருந்தார். இந்த ஒரு வாக்கியத்தின் விலை பின்னால் தெரிந்தது.

தொட்டியை எட்டிப் பார்த்த ஆச்சிக்கு ஆச்சரியமெல்லாம் இல்லை. "ஏல, வேலில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டு, குத்துது குடையுதுன்னு அழப்போற பாரு" என்றார். சிறுமியாக இருந்தபோது கம்பும் கல்லும் எடுத்துக்கொண்டு ஓணானைத் துரத்திய தலைமுறை அது. ராமருக்கு உதவிய அணிலைத் தடவிக்கொடுக்கவும், உபத்திரவம் செய்த ஓணானை அடிக்கவும் தென்தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை.

ஆச்சி சொன்னதில் தவறில்லை. அது நம் வேலி ஓணானுக்கு உறவுதான். இரண்டும் ஆகமிடே என்ற ஒரே குடும்பம். இது ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்துக்காரன். 1926இல் எர்ன்ஸ்ட் ஆல் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் உலகுக்கு விவரித்த இனம். தலை முதல் வால் நுனி வரை ஒன்றரை அடி, சில சமயம் இரண்டடி. கோபம் வந்தால் தொண்டையைச் சுற்றியுள்ள முட்கள் விறைத்து, தாடி கறுக்கும். ஆங்கிலத்தில் 'தாடிவைத்த டிராகன்' என்கிறார்கள். வீட்டில் 'சாமியார்' என்று பெயர் வைத்தார்கள்.

ஆஸ்திரேலியா 1960களிலிருந்தே தன் நாட்டு விலங்குகளை வியாபாரத்துக்காக வெளியே அனுப்புவதில்லை. 1970, 80களில் பெரும்பாலும் திருட்டுத்தனமாக ஐரோப்பாவுக்குப் போனவற்றின் வாரிசுகள்தான் இன்று உலகெங்கும் தொட்டிகளில் படுத்திருக்கின்றன. சாமியாரின் கொள்ளுப்பாட்டி யாருடைய சூட்கேஸில் பயணம் செய்தாளோ.

ஆரம்பத்தில் பிரச்னை சாப்பாடு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மாவுப்புழு தீர்ந்ததும் சுவர்க்கோழிப் பூச்சிகளை வாங்கி, முட்டை அட்டைகளை அடுக்கிய பிளாஸ்டிக் டப்பாவில் பால்கனியில் வைத்தார் பேரன். ராத்திரி முழுக்கக் கச்சேரி. நாலாவது நாள் ஒரு டஜன் தப்பித்து அடுத்த வீட்டு பூஜை அறைக்குப் போய்ப் பாடியபோது சொஸைட்டி செயலாளர் வரை விஷயம் போயிற்று. பூச்சிக்கும் சாப்பாடு போட வேண்டும் என்பது அதற்குப் பிறகு தெரிந்தது. காரட்டும் கீரையும் தின்ற பூச்சியில்தான் சத்து இருக்கும். பட்டினிப் பூச்சி வெறும் சக்கை. பூச்சி எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஓணானின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது.

குட்டியில் பூச்சிதான் பிரதானம். வளர வளரக் கீரை. இந்த இடத்தில் ஆச்சி உள்ளே வந்தார். "பூச்சியே திங்கணும்னு என்ன? முருங்கைக்கீர போடு" என்றார். பேரன் தேடிப் பார்த்தபோது ஆச்சி சொன்னதே சரியாக இருந்தது. முருங்கையில் கால்சியம் தாராளம். பசலையில் உள்ள ஆக்ஸாலிக் அமிலமோ இருக்கிற கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அவகாடோ விஷம். மழைக்கு முன் பண்டார்தராவுக்கு மின்மினி பார்க்கப் போன ஆபீஸ் நண்பர் ஒருவர், "உன் பல்லிக்கு நாலு பிடிச்சு வரவா?" என்று கேட்டார். நல்லவேளை, வேண்டாம் என்றார் பேரன். அமெரிக்க மின்மினிகளைத் தின்று வளர்ப்புத் தாடி ஓணான்கள் செத்ததை 1999இலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்த ஊர் மின்மினியும் கூடாது என்பது வளர்ப்பவர்களின் விதி.

மார்ச் மாதம் சாமியார் சாப்பாட்டை நிறுத்தினார். தொட்டியின் மூலையை இரவும் பகலும் பறாண்டினார். வியாதி என்று பயந்து, மணல் நிரப்பிய வாளியில் விட்டார்கள். மறுநாள் காலையில் ஆச்சியின் குரலில் வீடு எழுந்தது. "ஏல, சாமியாரு முட்ட போட்டுட்டாரு!"

இருபத்தொரு முட்டை. நண்பரின் 'ரெண்டும் ஆண்' அத்தோடு முடிந்தது.

இங்கே ஒரு புதியவர் செய்யக்கூடிய எல்லாவற்றையும் பேரன் சந்தோஷமாகச் செய்தார். தெர்மோகோல் பெட்டி, ஈரப்படுத்திய வெர்மிகுலைட், தெர்மாமீட்டர். முட்டைகளைப் புரட்டாமல், மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி எடுத்து வைத்தார். வேண்டிய வெப்பம் 28, 29 டிகிரி. குளிர்நாட்டுக்காரர்கள் இதற்கு ஹீட்டர் தேடுவார்கள். சுனாபட்டியின் ஏப்ரலில் ஐஸ் தண்ணீர் பாட்டில் தேட வேண்டியிருந்தது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் நடப்பது விசித்திரம். பிறப்பால் ஆணாக வேண்டிய கருக்கள் பெண்ணாகவே வளர்ந்து பொரிகின்றன. கான்பெரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் சோதனைச்சாலையில் இதைக் காட்டினார்கள். 2015இல், காட்டிலேயே இப்படி நடப்பதையும், அந்தப் பெண்கள் முட்டையிட்டுக் குடும்பம் நடத்துவதையும் கண்டார்கள்.

மே நடுவில் பதினேழு பொரிந்தன. விரல் நீளம்கூட இல்லை. தன்னைவிடப் பெரிய எதைப் பார்த்தாலும் ஒரு கையைத் தூக்கி மெதுவாக ஆட்டும். 'நான் சண்டைக்கு வரவில்லை' என்று அர்த்தம். "டாட்டா காட்டுது பாருல" என்று ஆச்சியும் கையாட்டினார். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். இவற்றின் உடம்பில் ஸால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால், தொட்டவர்கள் எல்லோரும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுப் போனார்கள். தொட்டித் தட்டுகளைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது என்று ஆச்சி முதல் நாளே உத்தரவு போட்டிருந்தார். காரணம் வேறு, விதி சரி.

சந்தோஷம் ஒரு வாரம். ஒரு குட்டி நாளைக்கு முப்பது பூச்சி தின்னும். பதினேழுக்கு ஐநூறு. பேரனின் சம்பளத்தில் பாதி சுவர்க்கோழியாகப் போயிற்று. ஒரு வேளை தவறினால் குட்டிகள் ஒன்றின் கால்விரலை இன்னொன்று கடித்தன. இரண்டுக்கு வால் நுனி போயிற்று. பல்லிக்கு முளைப்பதுபோல் இதற்கு வால் திரும்ப முளைக்காது. தனித்தனி டப்பா, தனித்தனி பல்பு. ஹாலில் நடக்க இடமில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார், கேட்காதவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார். ஆறு போயின. அதில் மூன்று, வாங்கிப் போனவர்களிடம் ஒரு மாதத்துக்குள் செத்தன. மீதி?

இந்தச் சிக்கல் சுனாபட்டியில் பிறந்ததல்ல. சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரம் போகும் சாலையில், ராமுலஸ் விட்டேகர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணைக்கும் இதுதான் நேர்ந்தது. அழிந்துபோகும் என்று பயந்த சதுப்புநில முதலையைப் பெருக்கி ஆறுகளில் விடுவதே திட்டம். முட்டையின் வெப்பத்தைப் பொறுத்து முதலை ஆணா பெண்ணா ஆகிறது என்பதை 1980களில் அங்கேயே ஆராய்ந்தார்கள். பெருக்குவதில் மகத்தான வெற்றி. ஆனால் 1990களில் ஆறுகளில் விடுவதை அரசு நிறுத்தியது. பொரிந்தவை தங்கிவிட்டன. முட்டைகளைப் பொரிக்க விடாமல் தடுப்பதே பண்ணையின் வேலைகளில் ஒன்றாயிற்று. பல ஏக்கர் நிலமும் நிபுணர்களும் உள்ள இடத்தின் கதை இது. சுனாபட்டியில் ஒன்றரை அறை.

தாராவி ஓரத்தில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கிறது, ராத்திரியோடு ராத்திரியாக விட்டுவிடு என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். பாலைவனப் பிராணி மும்பையின் முதல் மழையிலேயே செத்துப்போகும். தப்பிப் பிழைத்தால் அது வேறு ஆபத்து. நம் ஊர் ஓணானின் இனம் சிங்கப்பூருக்குள் புகுந்து அந்த ஊர்ப் பச்சை ஓணானை ஒதுக்கிவிட்டது. பேரன் விடவில்லை.

சட்டமும் சும்மா இல்லை. நம் உடும்பை வீட்டில் வைத்தால் சிறை. வெளிநாட்டு இகுவானா, பந்து மலைப்பாம்பு போன்றவற்றை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று, 2022இல் திருத்திய வனவிலங்குச் சட்டத்தின் கீழ் 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாம் கணக்கு. அந்தக் கட்டாயப் பட்டியலில் தாடி ஓணான் வரவில்லை. அதனால் யார் வீட்டில் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. மும்பை விமான நிலையத்தில் 2025இல் தாய்லாந்திலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 விஷப்பாம்புகள் பிடிபட்டன. ஆசைப்படுகிறவர்கள் இருக்கும்வரை பெட்டிகள் வரும்.

இந்த அமளியில் சாமியாரை யாரும் கவனிக்கவில்லை. மே கடைசியில், ஆணின் வாசனையே இல்லாத வீட்டில், மறுபடி இருபது முட்டைகள். பெண் ஓணான் ஒரு சேர்க்கையின் விந்தைப் பத்திரப்படுத்தி, அடுத்த ஈட்டுக்கும் வைத்துக்கொள்ளும். இந்த முறை பேரன் முட்டைகளை அன்றைக்கே ஒரு டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜின் மேல்தட்டில், ஐஸ் கட்டிக்குப் பக்கத்தில் வைத்து மூடினார். கரு வளரத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் அந்த ஃபிரிட்ஜைத் தொடவும் இல்லை.

ஜூன் கடைசியில் மழை பிடித்தது. சாமியாரின் விரல்கள் நடுங்கின. பின்னங்கால் இழுத்தது. கீழ்த்தாடை ரப்பர்போல் வளைந்தது. எக்ஸ்ரே எடுத்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் புகைபோல் ஏதோ இருந்தது. "ரெண்டு ஈடு முட்டைக்கு ஓட்டுச் சத்து எங்கேருந்து வந்ததுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். பூச்சியில் கால்சியம் பவுடர் தூவியதாகப் பேரன் சொன்னார். "வெயில்?" என்றார் டாக்டர். ஜன்னலோரம் வைத்திருந்தேன் என்றார். புதிதாக வளர்ப்பவர்கள் எல்லோரும் விழும் குழி இது. ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், புற ஊதாக் கதிர் 'பி'யை விடாது. அது படாமல் தோலில் வைட்டமின் டி3 உண்டாகாது. டி3 இல்லாமல், தின்ற கால்சியம் எலும்புக்குப் போகாது. நண்பர் கொடுத்த பல்பு வெறும் சூட்டு பல்பு. கதிர் தரும் தனிக் குழல்விளக்கு வேண்டும். அதிலும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் கதிர் தீர்ந்துவிடும், விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

சுண்ணாம்பின் பெயரில் ஊர், சுண்ணாம்புச் சத்தில்லாமல் சாகக் கிடக்கும் ஓணான். ஆச்சி தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, "இதுல ஒரு துளி நாக்குல தடவுவமா?" என்று கேட்டார். வாய் வெந்துபோகும் என்று பேரன் தடுத்தார். கேலி செய்யவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தைத் தினமும் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டது ஆச்சிதான். பேரன் ஆபீஸ் போய்விடுவார். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தாடையை ஒரு விரலால் தாங்கி, எட்டு வாரம். மிச்சமிருந்த குட்டிகளில் ஒன்பதை, விளக்கை முதலில் வாங்கி போட்டோ அனுப்பியவர்களுக்கு மட்டும் கொடுத்தார் பேரன். இரண்டு, ஒட்டிய டப்பாவில் நோஞ்சானாகவே இருந்து போய்விட்டன.

சாமியார் பிழைத்தார். தாடை கோணியபடியே நின்றுவிட்டது. பெரிய பூச்சியைக் கடிக்க முடியாது, முருங்கைக்கீரையை நறுக்கித்தான் போட வேண்டும். இன்னும் வருடா வருடம் வெயில் காலத்தில் மணலைப் பறாண்டுகிறார். முட்டையில் கரு இருப்பதில்லை. ஆனாலும் அந்த மாதங்களில் கால்சியம் இரட்டிப்பு.

மழை விட்டு அக்டோபர் வெயில் வந்ததும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோகிறார்கள். காலையில் இருபது நிமிடம். கழுத்தில் கயிறு கட்டக் கூடாது என்பதால் பக்கத்திலேயே ஆள் வேண்டும். குர்லா பக்கமிருந்து பருந்துகள் வட்டமிடும், தண்ணீர்த் தொட்டிமேல் காக்கைகள் காத்திருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஆச்சி உட்கார்ந்திருக்கிறார். கையில் நீளமாக ஒரு கம்பு. காக்கை ஒன்று கைப்பிடிச் சுவருக்கு வந்தால், "ஏ, போ அந்தால" என்று ஓங்குகிறார்.