களைத்துப்போகும் இரும்பு

அச்சுவேலி என்ற பெயரிலேயே ஓர் 'அச்சு' இருக்கிறது. பத்திரிகைக்காரனுக்கு அச்சு என்றால் எழுத்து. வண்டிக்காரனுக்கோ சில்லைத் தாங்கும் இரும்பு. நான் சொல்ல வந்தது இரண்டாவதைப் பற்றி.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டின் பாரவண்டி துவிச்சக்கரவண்டிதான். வெங்காயம், விறகு, சில வேளை நோயாளி, எல்லாம் அதிலேதான். அச்சுவேலிச் சந்தைக்கு மூட்டையோடு வந்த ஒருவரின் பின்சில்லு அச்சு சமதரையில் முறிந்தது. "நேற்று இதைவிடக் கூடப் பாரம் ஏத்தினனே!" என்று அவர் திகைத்தார். சைக்கிள் திருத்துபவர் துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். முறிந்த முகத்தில் ஒரு பகுதி வழுவழுப்பாகக் கறுத்திருந்தது. மற்றது கரடுமுரடாய் மினுங்கியது.

"கறுப்பு எப்பவோ வெடிச்சது அண்ணை. மினுங்கிறதுதான் இண்டைக்கு முறிஞ்சது."

வெல்டிங் பிடித்துத் தரும்படி கேட்டபோது மறுத்துவிட்டார். பழைய அச்சொன்றை எடுத்து மண்ணெண்ணெயில் நனைத்து, துடைத்து, சோக்குத் தூள் பூசினார். விரிசலிருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து தூளில் கோடாகத் தெரியும். துளி மண்ணெண்ணெய்கூடப் பெறுமதியான நாட்கள் அவை. முதல் அச்சில் கோடு தெரிந்தது; தூக்கி எறிந்தார். இரண்டாவதைப் பூட்டினார்.

ரயில் பணிமனைகளிலும் இம்முறை நெடுங்காலம் வழக்கில் இருந்தது. ரயில்களுக்கு அந்தப் பயம் வந்தது 1842 மே 8 அன்று. வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலில் இயந்திரத்தின் அச்சு முறிந்து தீப்பற்ற, பூட்டிய பெட்டிகளுக்குள் 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதிர்வினால் இரும்பு பளிங்காக மாறிவிடுகிறது என்று அக்காலத்தில் பலர் நம்பினர். ஜெர்மானியப் பொறியியலாளர் ஔகுஸ்ட் வோலர் 1850களிலிருந்து அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து, உண்மையை ஒழுங்குபடுத்தினார். ஒருமுறை தாங்கும் பாரம் வேறு, இலட்சம் முறை தாங்கும் பாரம் வேறு. உருக்குக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழான இழுவிசையை அது கோடி தரமும் பொறுக்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. கூர்மையான வெட்டு எங்கிருக்கிறதோ அங்கே அந்த எல்லை தாழ்ந்துவிடும். சைக்கிள் அச்சின் மரைப் பள்ளம் அத்தகைய வெட்டுத்தான். சங்கிலியின் இழுப்பும் தெருப் பள்ளங்களும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன.

வோலருக்குப் பின்னும் அவருடைய நாட்டிலேயே, 1998 ஜூன் 3 அன்று, எஷெடே என்ற ஊரில் அதிவேக ரயில் தடம்புரண்டு 101 பேர் இறந்தனர். சில்லின் இரும்பு வளையத்தில் சோர்வு விரிசல். அது உட்புறத்தில் தொடங்கியிருந்தது.