தோசை வந்தது, இட்லி வரவில்லை

கல்யாணப் பத்திரிகைகளை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கல்யாணம் முடிந்த மறுவாரமே பழைய பேப்பர்காரரிடம் போட்டு விடுவீர்கள், இல்லையா? எங்கள் வீட்டில் அது நடக்காது. பத்திரிகை, காலண்டர் அட்டை, காலித் தீப்பெட்டி, முட்டை வாங்கி வரும் அட்டை, புதுச் சட்டைக்குள் வைத்து வருகிற அட்டை, எதுவும் வாசலைத் தாண்டாது. கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கு நிறைய இருக்கிறது. "இன்னும் ரெண்டு மாசம் போனா நாமெல்லாம் மொட்டை மாடியிலதான் படுக்கணும்" என்பது என் மாமியாரின் தினசரி வசனம். பக்கத்து வீட்டுப் பெண்ணோ, "இன்னாக்கா, காயலான் கடை வெக்கப் போறியா?" என்று கேட்டே விட்டாள்.

அத்தனையும் பாடம் சொல்லித் தருகிற சாமான்கள் என்றால் நம்புவீர்களா?

நான் இருப்பது எம்.கே.பி. நகர். மகாகவி பாரதியார் நகர் என்று முழுப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் கூட ஒரு நிமிஷம் யோசிப்பார். வியாசர்பாடியை ஒட்டிய இடம். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள், மணலி, எண்ணூர் பக்கம் ஷிப்ட் போகிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள் என்று உழைக்கிற குடும்பங்கள். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. நடுவில் 19 மாதங்கள். வீட்டில் இருப்பது ஒரே போன். அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டால் எந்தப் பாடத்தைப் பார்ப்பது?

இதற்காகத்தான் அரசாங்கம் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஆரம்பித்தது. பக்கத்துப் பிள்ளைகள் இருபது பேர் வரை சேர்த்துக்கொண்டு, சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணிக்குள் பாடம் சொல்லித் தர வேண்டும். மாதம் 1000 ரூபாய். மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 2 லட்சம் பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் நம்மைப் போன்ற பெண்கள்தான். 2022 தொடக்கத்தில் எங்கள் மொட்டை மாடியிலும் பதினேழு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்.

அதில் மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி. அவளுடைய அம்மா சாயங்காலம் தள்ளுவண்டியில் இட்லி, தோசை போடுகிறவள். குழந்தையைக் கொண்டுவந்து விட்டபோதே சொன்னாள்: "பள்ளிக்கூடம் தொறந்ததுலேர்ந்து காலைல எந்திரிச்சா வவுறு வலிக்குதுன்னு அழுவுதுக்கா. ஆஸ்பத்திரியில காட்டியாச்சு. பூச்சி மாத்திரையும் குடுத்தாச்சு. ஒண்ணுமில்லேன்னுதான் சொல்றாங்க. ஞாயித்துக்கெழம மட்டும் வலிக்க மாட்டேங்குது."

இந்தக் கடைசி வாக்கியம் என் காதில் நின்றது. புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். கணீரென்று ஒப்பித்தாள், ஒரு பிசிறில்லை. அதே பக்கத்தில் நடுவில் இருந்த 'படம்' என்ற வார்த்தையைத் தொட்டு, "இது என்னம்மா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் படிப்பதைக் கேட்டுக் கேட்டு நெட்டுருப் போட்டிருக்கிறாள். ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் பள்ளிக்கூடம் மூடிவிட்டது. திறக்கும்போது அவள் மூன்றாம் வகுப்பு. எழுத்து அவளுக்கு வந்தே சேரவில்லை. என்றைக்காவது டீச்சர் தன்னைத் தனியாக எழுப்பிப் படிக்கச் சொல்லிவிடுவாரோ என்கிற பயம்தான் தினமும் காலையில் வயிற்றில் வலித்தது. (வயிற்று வலி என்றால் முதலில் டாக்டரிடம்தான் காட்ட வேண்டும். அந்தத் தாய் செய்தது சரிதான். அங்கே ஒன்றுமில்லை என்ற பிறகு நாம் பார்க்க வேண்டிய இடம் புத்தகப் பை.)

இந்தக் குழந்தைக்கு என்ன செய்வது? கடையில் பளபளவென்று சார்ட் விற்கிறார்கள். அ-வுக்கு அம்மா, ஃ-க்கு எஃகு. எஃகை எந்தக் குழந்தை கையில் எடுத்து விளையாடியது, சொல்லுங்கள்! அந்தச் சார்ட்டை ஆணியடித்து ஆள் உயரத்தில் மாட்டுவோம். வந்துபோகிற விருந்தாளிகள் பார்த்து மெச்சுவார்கள். குழந்தையின் கை அதற்கு எட்டாது. என் கட்சி எப்போதும் ஒன்றுதான்: குழந்தை தொட்டு, எடுத்து, கலைத்து, மறுபடி அடுக்க முடிகிற சாமான்தான் பாடச் சாமான். மற்றதெல்லாம் வீட்டு அலங்காரம்.

நானாகக் கண்டுபிடித்த தத்துவம் இல்லை இது. நம் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலேயே 2003-ல், எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, முதலில் 13 பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' என்று கொண்டுவந்தார்கள். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ரிஷி வேலிப் பள்ளி, சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்காகச் செய்திருந்த அட்டைகள்தான் அதற்கு முன்மாதிரி. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்தார்கள். சுவரில் குழந்தைகளின் கை எட்டுகிற மாதிரி கீழேயே கரும்பலகை. அட்டைகள் தட்டில் இருக்கும். தனக்கு எது அடுத்ததோ அதைக் குழந்தையே போய் எடுத்துக்கொள்ளும். 2007-08-ல் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது போயிற்று. 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலையைப் பார்த்துத்தான் பாடம்.

சரி, என் அட்டைக்கு வருகிறேன். தமிழில் 247 எழுத்து என்றதும் பிள்ளைகள் மட்டுமில்லை, தாய்மார்களும் மலைத்துப்போகிறார்கள். அவ்வளவு மலைப்பு வேண்டாம். கல்யாணப் பத்திரிகையின் வெறும் பக்கத்தில் உள்ளங்கை அளவு 18 சதுரம் வெட்டுங்கள். க, ங, ச என்று ன வரை ஆளுக்கொன்றாகப் பெரிதாக எழுதுங்கள். பிறகு பாதி அகலத்தில் நாலே நாலு துண்டு: துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, 'கை', 'மை'யில் வருகிற இணைக் கொம்பு. முடிந்தது. 22 அட்டை.

இப்போது க-வை நடுவில் வையுங்கள். வலப்பக்கம் கால் வைத்தால் கா. இடப்பக்கம் ஒற்றைக் கொம்பு வைத்தால் கெ, இரட்டைக் கொம்பு வைத்தால் கே. இணைக் கொம்புக்குக் கை. கொம்பையும் காலையும் இரண்டு பக்கமும் வைத்தால் கொ, கோ. வெறும் க-வையும் சேர்த்து ஏழு எழுத்து. இப்படிப் பதினெட்டுக்கும்! 126 எழுத்து, 22 அட்டையில். ஒற்றைக் கொம்போடு பின்னால் 'ள' அட்டையை வைத்தால் கௌ கூட வந்துவிடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டுமே என்றால், அதற்கு நம்மிடம் இல்லாததா? ஸ்டிக்கர் பொட்டுதான். எழுத்தின் தலையில் பொட்டை ஒட்டினால் க், எடுத்துவிட்டால் மறுபடி க. பொட்டு வைக்கிற வேலைக்குப் பெண் குழந்தைகளிடம் அடிதடியே நடந்தது.

என் மாமியார் இதைப் பார்த்துவிட்டு, "எங்க காலத்துல இந்த வித்தை நடக்காதுடி" என்றார். வாஸ்தவம்தான். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு ணா, றா, னா இவற்றுக்குத் தனி வடிவம். லை, னை எல்லாம் தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும். பதின்மூன்று எழுத்துகள் அப்படி முரண்டு பிடித்தன. இப்போதும் அத்தை கடிதத்தில் 'லை' எழுதினால் தும்பிக்கையோடுதான் எழுதுகிறார்.

அந்தக் குழந்தைக்கு முதல் மூன்று நாள் ட, ப, ம என்கிற மூன்று அட்டை மட்டும் கொடுத்தேன். எழுதவும் சுலபம், படம் என்ற வார்த்தையும் அதிலேயே வந்துவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் காலும் கொம்பும் கைக்கு வந்தன. ஒருநாள் மற்ற பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இவள் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து தானாக எதையோ அடுக்குகிறாள். அப்புறம் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். போய்ப் பார்த்தால் த-வுக்கு முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் கால், பக்கத்தில் இணைக் கொம்பு போட்ட ச. தோசை!

யாரும் சொல்லித் தரவில்லை. எந்தச் சார்ட்டிலும் இல்லை. தன் அம்மாவின் வண்டியிலிருந்து அவளே எடுத்து வந்த வார்த்தை. நான் வாயடைத்து நிற்கிறேன், அவள் அடுத்த கேள்வியைப் போட்டாள்: "அக்கா, இட்லி வரவே மாட்டேங்குதே?"

வராதுதான். டி, லி இரண்டிலும் இகரம் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. தனி அட்டையாகப் பிரிக்க முடியாது. கு, சு, து, மு என்று உகரமோ எழுத்துக்கு எழுத்து வேஷம் மாற்றும். இவற்றை முழு எழுத்தாகத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். உயிரெழுத்துகளும் தனி அட்டைதான். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுதித் தள்ளாதீர்கள். குழந்தை எந்த எழுத்தைக் கேட்கிறதோ அதை அன்றைக்கு எழுதிக் கொடுத்தால் போதும். கேட்டு வாங்கிய எழுத்து மறப்பதில்லை. இ, ட், லி மூன்றையும் அவள் அன்றைக்கே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

எழுத்தின் வடிவம் கையில் படியாத பிள்ளைகளுக்கு இன்னொரு வழி. அட்டையில் எழுத்தைப் பசையால் தடிப்பாக எழுதி, மேலே கோலப்பொடியைத் தூவிக் காய விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் எழுத்து தெரியும். ரவை தூவாதீர்கள், எறும்பு வரும். இத்தாலியின் மரியா மாண்டிசோரி அம்மையார் உப்புத்தாளில் எழுத்து வெட்டி ஒட்டியது இதே மாதிரிதான். அவர் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907-ல் ரோம் நகரில் தொழிலாளர்கள் குடியிருந்த ஏழைப் பேட்டை ஒன்றில்தான் தொடங்கினார். 1939-ல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருக்கும் வெகு முன்னால், 1789 வாக்கில், எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் தெருப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து அசந்துபோய்த் தன் பள்ளியிலும் அதையே வைத்தார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துக்குப் போய்ப் பெரும் புகழ் பெற்றது. நம் மணல்தான்!

கணக்குக்கு முட்டை அட்டையை மிஞ்சியது எதுவும் இல்லை. வரிசைக்கு 5 குழி, 6 வரிசை. இரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழி உள்ள மூன்று துண்டுகள் கிடைக்கும். எட்டோடு ஐந்தைக் கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டில் 8 புளியங்கொட்டை போட்டால் இரண்டு குழி காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்தில் இரண்டு அங்கே போய்விடும். மீதி மூன்று அடுத்த துண்டில். பத்தும் மூன்றும் பதின்மூன்று. விரல் விட்டு எண்ணுகிற பழக்கம் தானாகக் குறையும். ஆனால் உடைந்த முட்டை வழிந்த அட்டையை உபயோகிக்கவே கூடாது, கிருமி இருக்கும். சுத்தமானதை வெயிலில் நன்றாகக் காய வைத்து எடுங்கள்.

பெருக்கலுக்குக் கோலம் இருக்கிறது. நேர்ப்புள்ளியில் வரிசைக்கு 7, ஏழு வரிசை வைத்தால் 49. இடுக்குப் புள்ளியில் 7-லிருந்து 4 வரை இரண்டு பக்கமும் இறக்கினால் மொத்தம் எத்தனை? பிள்ளைகள் எண்ணிச் சொல்லட்டும். 37 வர வேண்டும்.

லாரி ஓட்டுகிறவரின் பையன் ஒருவன் கணக்கென்றால் ஓடுவான். அவனுக்குக் கன்டெய்னர்தான் பாடம். கன்டெய்னரில் 20 அடி, 40 அடி என்று இரண்டு அளவுகள் சாதாரணமாக வரும். ஒரு தீப்பெட்டி 20 அடி. இரண்டை ஒட்டினால் 40. ஐந்து நாற்பதடிப் பெட்டிகளுக்குப் பதில் எத்தனை இருபதடிப் பெட்டிகள்? அவன் அடுக்கிப் பார்க்காமலே சொன்னான். கன்டெய்னரின் மேல் நாலு இங்கிலீஷ் எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். கடைசி இலக்கம் மட்டும் மற்றவை சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று சோதிப்பதற்கு. முதல் ஆறை ஒரே எண்ணாகப் படித்தால் லட்சம் வரை பழகிவிடும். அப்பாவோடு நின்று எண்களைச் சிட்டையில் எழுதி வருவான்; மாடியில் எல்லாரும் சேர்ந்து படிப்போம்.

தோசைக்காரிக்கு ஒரே வாரத்தில் அதிசயம் நடந்துவிடவில்லை. திங்கட்கிழமைகளில் வயிற்று வலி பங்குனி வரைக்கும் வந்தது. வல்லின 'ற'வும் இடையின 'ர'வும் இன்னும் அவளுக்குச் சண்டைதான். ஆனால் அம்மாவின் வண்டியில் தொங்குகிற சிலேட்டில் விலைப் பட்டியல் அவள் கையெழுத்தில் இருக்கிறது. அந்தத் திட்டத்து வகுப்பு என் மாடியில் முடிந்துவிட்டது. பிள்ளைகள் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. இப்போது தம்பிக்கு அட்டை வைத்துச் சொல்லித் தருவது அவள்தான். "பொட்டு வெச்சா வாய மூடிக்கணும்டா, ம்!" என்று அதட்டுவதைக் கேட்க வேண்டுமே.

செய்து பார்க்கிறவர்களுக்கு இரண்டொரு எச்சரிக்கை. மைதாப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதிதாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள். கெடாமல் இருக்க மயில்துத்தம் போடுகிற வழக்கம் உண்டு. அது விஷம், குழந்தைகள் கை படுகிற பசையில் கூடவே கூடாது. புளியங்கொட்டை, மணி, சின்ன மூடி எல்லாம் தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால் வீட்டில் ஊக்கை வைத்து நோண்டாமல் டாக்டரிடம் ஓடுங்கள். தீப்பெட்டியில் ஒரு குச்சி கூட மிச்சம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டை போதவில்லை என்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போய்ப் பாருங்கள். காகித, அட்டைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வெட்டிய கழிவுத் துண்டுகள் இருக்கிறதா என்று கேட்டால் மலிவாகக் கிடைக்கலாம். துணைக்கால் அட்டையை மட்டும் அரை டஜன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா எழுத்துக்கும் அதுவே ஓடி ஓடி, எப்போதும் முதலில் கிழிவது அதுதான்.