சூடு போக வழி வேண்டும்



சூட்டிலிருந்து கரண்ட் எடுக்கலாம் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 1821இல் ஜெர்மானியர் சீபெக் கண்ட விளைவு அது. 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் இன்றும் அந்த முறையில்தான் ஓடுகின்றன. ஆனால் பரீட்சையில் சூடான பக்கத்தையே அழுத்தி எழுதுகிறோம். குளிர்ந்த பக்கத்தை யாரும் கண்டுகொள்வதில்லை, பாவம்!

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். நைனாவுக்குப் புளியந்தோப்பில் ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை. ராத்திரி பூரா அனலில் நிற்கணும், ஃபேன் கிடையாது. என் ப்ராஜெக்ட் பேச்சு வந்தபோது, "இம்மாஞ் சூடு சும்மா போவுதே, அதுல ஒரு ஃபேன் ஓடாதா?" என்றார். என் படிப்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

ரிச்சி தெருவில் இரண்டு பெல்டியர் மாட்யூல் வாங்கி, ஒன்றை லேப் ஹாட் பிளேட்டில் வைத்தேன். முதலில் 3 வோல்ட். பத்து நிமிஷத்தில் 1 வோல்ட். மேல்பக்கமும் சூடாகிவிட்டது, அவ்வளவுதான். கணக்கும் அதையே சொல்கிறது: சூடான பக்கம் 130 டிகிரி, மறுபக்கம் 50 என்றால் கார்னோ உச்சவரம்பு 20 சதவீதம். மறுபக்கம் 100 ஆனால் வெறும் 7. மாட்யூலில் நிஜமாகக் கிடைப்பது அதிலும் சிறு பங்கு.

இங்கேதான் ஹீட் பைப் வருகிறது. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டியது. இரு முனையும் அடைத்த செம்புக் குழாய், காற்றை உறிஞ்சிவிட்டு உள்ளே துளித் தண்ணீர், உள்சுவரில் திரி. அழுத்தம் குறைவாக இருப்பதால் 100 டிகிரிக்கு வெகு முன்பே தண்ணீர் ஆவியாகும். ஆவி மறுமுனைக்கு ஓடி, இட்லி குண்டான் மூடியில் நீர் கோர்ப்பதுபோல் குளிர்ந்து, சூட்டை அங்கே விட்டுவிட்டுத் திரி வழியே திரும்பும். பம்ப் வேண்டாம், மோட்டார் வேண்டாம். நம் இஸ்ரோ செயற்கைக்கோள்களில் தண்ணீருக்குப் பதில் அம்மோனியா.

நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். உடைந்த லேப்டாப்பிலேயே தகடுகளோடு ஹீட் பைப் இருக்கிறது. இரண்டைக் கழற்றி, மாட்யூலுக்கு ஒன்றாகப் பொருத்தினேன். வோல்டேஜ் இறங்கவில்லை. இரண்டு மாட்யூலையும் சீரீஸில் இணைத்ததும் 5 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் மெதுவாகச் சுற்றியது.

அது உள்ளங்கை அளவு ஃபேன். நைனாவுக்குக் காற்று வர இன்னும் நிறைய மாட்யூல் வேணும், குழாயைச் சுவருக்கு வெளியே நீட்டணும். குளிரும் முனை மேலே இருக்கணும், இல்லாவிட்டால் தண்ணீர் திரும்பச் சிரமப்படும். இதைச் சொன்னதற்கு மறுநாள் காலை, அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே நாலு சாண் என்று கையாலேயே அளந்துகொண்டு வந்தார் நைனா.