குழாய் போட்டு வளர்த்த காடு

மே மாதத்தின் முதல் பாதியில் எக்ஸ்பரி தோட்டத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறார்கள். அங்கே பூக்கும் ரோடோடென்ட்ரான் புதர்ச்செடிதான். ஆனால் பல பத்தாண்டுகள் வளர்ந்த புதர் இரண்டு ஆள் உயரத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். மேலே ஓக்கும் பைனும் குடை பிடிக்க, இடையில் கொத்துக் கொத்தாய்ச் சிவப்பும் வெள்ளையும் இளமஞ்சளும். பாதைகளோ வளைந்து வளைந்து போய், அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று காட்டாமலே இழுத்துச் செல்கின்றன. தானாக வளர்ந்த காடு என்றே தோன்றும்.

அப்படித் தோன்றிவிட்டால், தோட்டம் போட்டவர் ஜெயித்துவிட்டார் என்று பொருள். இங்கே தானாக வந்தது மிகக் குறைவு.

இங்கிலாந்தின் தென்கோடியில், ஹாம்ப்ஷயரில், நியூ ஃபாரஸ்ட் காட்டின் விளிம்பில் ப்யூலி ஆற்றங்கரையில் இருக்கிறது எக்ஸ்பரி எஸ்டேட். 18ஆம் நூற்றாண்டில் மிட்ஃபோர்டு குடும்பத்தின் கையில் இருந்தது. கிரேக்க வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிய வில்லியம் மிட்ஃபோர்டு இந்தக் குடும்பத்தவர். இந்த இடத்தை 1919இல் லயனல் டி ராத்சைல்ட் வாங்கினார். ஐரோப்பாவுக்கே கடன் கொடுத்த ராத்சைல்ட் வங்கிக் குடும்பத்தின் வாரிசு. வங்கி தமக்குப் பொழுதுபோக்கு, தோட்டம்தான் தொழில் என்று சொல்லிக்கொள்வாராம். செலவுக் கணக்கைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

ரோடோடென்ட்ரானின் பல இனங்களுக்குத் தாய்வீடு இமயமலையும் மேற்குச் சீனாவும். மழையும் மூடுபனியும் ஓயாத சரிவுகள் அவை. வேர் ஆழமாக இறங்காது, மண்ணின் மேற்பரப்பிலேயே படர்ந்து கிடக்கும். மண் அமிலத்தன்மையோடு இருக்க வேண்டும், சுண்ணாம்பு ஆகவே ஆகாது, வேர்ப்பகுதி காயவும் கூடாது. எக்ஸ்பரியின் மண் இதற்கு வாகானது, ஆனால் தென் இங்கிலாந்தின் கோடைமழையை நம்ப முடியாது. லயனல் மழைக்குக் காத்திருக்கவில்லை. சுமார் 150 ஆட்களை வைத்து நிலத்தை வெட்டிக் கிளறி, தரைக்கடியில் 22 மைல் நீளத்துக்குக் குழாய் பதித்தார். 200 ஏக்கர் தோட்டம். 'காட்டுவழி'யில் ரசித்து நடக்கிறவர்களின் காலடியில் 35 கிலோமீட்டர் குழாய் ஓடுகிறது.

எவ்வளவு சின்னத் தோட்டமானாலும் இரண்டு ஏக்கராவது காடாக விட்டுவைக்க வேண்டும் என்று அவர் நகரத்துத் தோட்டக்காரர்களுக்குப் புத்தி சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. மெய்யோ பொய்யோ, சொல்லக்கூடிய ஆள்தான்.

செடிகளை வாங்கி நட்டதோடு அவர் நிற்கவில்லை. புதிய இனங்களைத் தேடி மலையேறிய தாவர வேட்டைக்காரர்களுக்குப் பணம் கொடுத்தார். ஃபிராங்க் கிங்டன்-வார்டு, ஜார்ஜ் ஃபாரஸ்ட் போன்றவர்கள் பர்மாவிலும் திபெத்திலும் யுன்னானிலும் சேகரித்த விதைகள் இங்கிலாந்துத் தோட்டங்களில் முளைத்தன. ஃபாரஸ்ட் 1932இல் யுன்னானிலேயே இறந்துபோனார். ஒரு பூவின் அழகுக்குப் பின்னால் கூலி கொடுத்தவரின் பெயர் நிற்கிறது, விதை தேடிப் போனவரின் பெயரும் ஓரளவு நிற்கிறது. அவருக்கு வழிகாட்டிய, மூட்டை சுமந்த மலைவாசிகளின் பெயரைப் பலகையில் தேடிப் பயனில்லை.

வந்த செடிகளை ஒன்றோடொன்று கலந்து லயனல் உருவாக்கிய கலப்பினங்கள் 1,200க்கும் மேல். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றில் தடவி, விதை எடுத்து, நாற்றாக்கி நட்டால், பூவைக் கண்ணால் பார்க்கப் பல ஆண்டுகள் ஆகலாம். பார்த்த பிறகு பிடிக்காமலும் போகலாம். பிடிக்காததை ஈவிரக்கமின்றிக் கழித்துவிடுவார். ரோடோடென்ட்ரான் வகையைச் சேர்ந்த இலையுதிர்க்கும் அசேலியாக்களில் 'எக்ஸ்பரி' என்றே ஒரு வரிசை உலகச் சந்தையில் நிலைத்ததற்கு அந்தக் கழித்தலும் ஒரு காரணம். அவர் உருவாக்கிய மஞ்சள் ரோடோடென்ட்ரானான 'க்ரெஸ்ட்', அரச தோட்டக்கலைச் சங்கத்தின் முதல்தரச் சான்றிதழைப் பெற்றது 1953இல். லயனல் இறந்தது 1942இல்.

அதே 1942இல், இரண்டாம் உலகப் போருக்காக, கடற்படை வந்து எஸ்டேட்டின் மாளிகையை எடுத்துக்கொண்டது. கரையில் நிற்கும் கட்டடத்துக்கும் கப்பல் பெயர் வைப்பது பிரிட்டிஷ் கடற்படையின் வழக்கம். எக்ஸ்பரி மாளிகை எச்.எம்.எஸ். மாஸ்டடன் ஆனது. நார்மண்டி தரையிறக்கத்துக்கான ஏற்பாடுகள் ஆற்றங்கரையில் நடந்தன. அங்கே போய்வந்த நெவில் ஷூட், 'ரெக்வியம் ஃபார் எ ரென்' என்ற நாவலுக்கு இந்த இடத்தைக் களமாக்கினார். தோட்ட ஆட்கள் குறைந்து, முட்கொடியும் களையும் ஏறின. போருக்குப் பின் லயனலின் மகன் எட்மண்ட் மெல்லச் சீர்படுத்தி, 1955இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 2001இல் ஒரு குட்டி நீராவி ரயிலும் வந்தது. ரயில் எதற்கு என்று முகம் சுளிக்கும் தோட்டப் பிரியர்கள், கூட வந்த குழந்தைகளைக் கேட்டால் தெரிந்துகொள்வார்கள்.

ரோடோடென்ட்ரானுக்கு இன்னொரு முகமும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அலங்காரத்துக்காகக் கொண்டுவந்த பான்டிகம் என்ற ஊதாப்பூ இனம் வேலி தாண்டி, பிரிட்டனின் காடுகளில் அடர்ந்து, தன் நிழலில் வேறெதையும் முளைக்கவிடாமல் செய்கிறது. ஆள் வைத்து, ஆண்டுதோறும் செலவழித்து அழிக்கிறார்கள். அதன் தேனும் நல்லதல்ல. கருங்கடல் ஓரம் அந்தத் தேனைத் தின்ற கிரேக்கப் படைவீரர்கள் குடிகாரர்களைப் போலச் சுருண்டு விழுந்த கதையைப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் செனபோன் எழுதி வைத்திருக்கிறார். எஸ்டேட்டின் பழைய சொந்தக்காரர் மிட்ஃபோர்டுக்கு அது தெரியாத கதையல்ல.

எக்ஸ்பரியை இயற்கை எழில் என்று பாராட்டுவது, சிற்பத்தைப் பார்த்துவிட்டுக் கல் நன்றாக விளைந்திருக்கிறது என்று சொல்வதைப் போன்றது. அங்கே மெச்ச வேண்டியது கைவேலையை: எந்த உயரத்துக்குப் பின்னால் எந்த உயரம், எந்தச் சிவப்பை மஞ்சளிலிருந்து தள்ளி வைப்பது, ஒன்று உதிரும்போது எது மலர வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போட்ட கணக்கை.

குழாயில்லாமல் வளரும் ரோடோடென்ட்ரானைப் பார்க்க விரும்புகிறவர்கள் இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. நேபாளத்தின் தேசிய மலரான செந்நிற ரோடோடென்ட்ரானின் நெருங்கிய உறவு நீலகிரியின் சோலைக்காட்டு ஓரங்களிலும் புல்வெளிகளிலும் காட்டுப்பூவரசு என்ற பெயரில் நிற்கிறது. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் உண்டு. பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஊட்டிக்குப் போகிறவர்கள், தேயிலையையும் யூகலிப்டஸையும் தாண்டி, தொட்டபெட்டா பக்கம் ஒருமுறை தேடிப் பாருங்கள்.