நான் சொல்லாமல் விட்ட பெயர்

அன்னையர் தின வாரம். காலை நிகழ்ச்சியில் ‘மன்னன்’ படத்தின் அம்மா பாட்டை ஒலியேற்றினேன். இசை இளையராஜா, வரிகள் வாலி, குரல் ஜேசுதாஸ், நடிப்பு ரஜினிகாந்த் என்று ஒருவரையும் விடாமல் சொன்னதாக நினைப்பு. வேலை முடிந்து கைப்பேசியை எடுத்தால், பைராம் தோட்டத்திலிருந்து பாட்டியின் அழைப்பு.

“எல்லார் பேரையும் சொன்னியே, அந்தப் பாட்டே அந்த அம்மாவுக்குத்தானே? அவங்க பேர எங்கம்மா?”

எனக்குப் பதில் வரவில்லை. ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் நான். முகம் தெரிகிறது, பெயர் தெரியவில்லை.

“பண்டரிபாய். பராசக்தியில அவங்கதான் சிவாஜிக்கு ஜோடி” என்றார் பாட்டி.

அந்த வாரக் கடைசியில் பாலம் தாண்டி நிபோங் திபாலுக்குப் போனேன். பாட்டியோடு உட்கார்ந்து, மடிக்கணினியில் ‘அந்த நாள்’ பார்த்தேன். 1954இல் வந்த படம். ஒரு பாட்டுகூடக் கிடையாது. சிவாஜி வானொலிப் பொறியாளர். நாட்டின் ரகசியத்தை எதிரிக்கு விற்கும் அவரைச் சுடுவது யார் தெரியுமா? மனைவியாக வரும் பண்டரிபாய். அதே ஆண்டு கன்னடத்தில் ராஜ்குமார் நாயகனாக அறிமுகமான ‘பேடர கண்ணப்பா’விலும் அவர்தான் நாயகி.

பிறகு என்ன நடந்தது? நாயகர்கள் நாயகர்களாகவே இருந்தார்கள். அவர் அம்மா ஆனார். 1968இல் ‘குடியிருந்த கோயி’லில் எம்.ஜி.ஆருக்கு அம்மா. மறு ஆண்டு ‘தெய்வ மக’னில் அப்பா சிவாஜிக்கு மனைவி, மகன்களாக வரும் இரண்டு சிவாஜிக்கும் அம்மா! இந்தியா அந்தப் படத்தை ஆஸ்கர் போட்டிக்கு அனுப்பியது. மூன்று வேடம் போட்டவரைப் பற்றி இன்றும் பேசுகிறோம். மூவரையும் ஒரே குடும்பமாக நம்ப வைத்தவரை மறந்துவிட்டோம். ஹாலிவுட்டில் துணை நடிகைக்கென்று 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே தனி ஆஸ்கர் உண்டு. நாமோ ‘அம்மா நடிகை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டோம்.

“அந்தக் காலத்துல தோட்டத்துத் திடல்ல திரை கட்டிப் படம் போடுவாங்க. அவங்க அழுதா லயமே அழும்” என்றார் பாட்டி.

பாட்டி ஏன் இவ்வளவு உறுதியாகக் கேட்டார் என்று திரும்பும் வழியில்தான் புரிந்தது. தாத்தா மண்டோராக இருந்தவர். விடியுமுன் எழுந்து பல வருடம் பால்மரம் சீவிய பாட்டியை, தோட்டத்தில் யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ‘மண்டோர் வீட்டம்மா’. வானொலியில் அவருக்கு எத்தனையோ பாட்டு போட்டிருக்கிறேன், ‘என் பாட்டிக்காக’ என்று சொல்லி. பெயர் சொன்னதில்லை.

பண்டரிபாய் 2003இல் காலமானார். அவருக்கு நான் சொல்வது இனிக் கேட்காது. திங்கட்கிழமை அதே பாட்டை மறுபடியும் போட்டேன். பண்டரிபாய் பெயரை முதலில் சொன்னேன். பிறகு, “பைராம் தோட்டத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் அஞ்சலைக்காக” என்றேன்.

அன்று வந்த அழைப்பில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு பாட்டி, “சாப்பிட்டியாம்மா?” என்றார்.