ஆலய வாசலும் வாக்குச்சாவடியும்

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 19-ஆம் நாள் தமிழ்நாட்டில் பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. அதற்கு முந்திய ஞாயிறன்று யாம் திண்டுக்கல் நகரினின்றும் புறப்பட்டு, நிலக்கோட்டை வட்டாரத்திலுள்ள எம் கல்லூரித் தோழர் ஒருவரின் சிற்றூருக்குச் சென்றிருந்தோம். கிழக்கே சிறுமலையும் மேற்கே கோடைமலையும் தோன்ற, இடையே மல்லிகைத் தோட்டங்கள் நிறைந்த சமவெளி அது. ஆராதனை முடிந்து சபையார் வெளிப்போந்தபோது, கட்சிக்காரர் சிலர் ஆலய வாசலிலே காத்து நின்றனர். அவருள் ஒருவர் எம் தோழரின் தந்தையாராகிய சபை மூப்பரை அணுகி, "ஐயா, தாங்கள் ஒரு சொல் சொன்னால் சபையின் வாக்குகள் அனைத்தும் எங்களுக்கே விழும்" என்றார். மூப்பர் சினங்கொள்ளாது, "தம்பி, உள்ளே நாங்கள் ஒன்றாய் முழங்கால்படியிடுகிறோம். வாக்குச்சாவடியிலோ அவரவர் மனச்சாட்சியோடு தனித்தனியே நிற்கிறோம். அங்கே யான் எவர்க்கும் மூப்பனல்லேன்" என்று விடையிறுத்தார்.

அச்சொல் எம் உள்ளத்திற் பதிந்தது. அமெரிக்க நாட்டின் தேர்தல்களை உற்று நோக்குவோர் அதன் அருமையை எளிதில் உணர்வர். அங்கே நற்செய்திச் சபையாரில் வெள்ளையர் பெருந்திரளாய் ஒரு பக்கம் சாய்வது வழக்கமாயிற்று. 1976-இல் ஞாயிறு பள்ளி ஆசிரியராகிய கார்ட்டரை அவருட் பலர் விரும்பி ஆதரித்தனர். 1979-இல் போதகர் ஜெரி ஃபால்வெல் ஓர் அரசியல் இயக்கத்தைத் தோற்றுவித்தார். 1980-இல் அன்னோர் ரீகனிடம் சென்றனர். 2016-இல் அவருள் ஐவருக்கு நால்வர் டிரம்ப்புக்கு வாக்களித்தனர் என்று கணிக்கப்பட்டது. அதே வேதத்தை வாசிக்கும் கறுப்பின மக்களின் சபையாரோ பெரும்பாலும் எதிர்க்கட்சிக்கே வாக்களித்தனர். வேதம் ஒன்று, வாக்கு இரண்டு. ஆதலின் வாக்கைத் திருப்பியது வேதம் மாத்திரமன்று என்பது தெளிவு.

நம் நாட்டிலும் கிறிஸ்தவர் வாக்கை வேலியிட்டுத் தனியே வைத்த காலமொன்று உண்டு. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணச் சட்டசபையில் இந்தியக் கிறிஸ்தவர்க்கு 5 இடங்கள் தரப்பட்டன. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை 8 ஆக்கி, கிறிஸ்தவ மாதர்க்கென வேறோர் இடமும் கூட்டியது. கிறிஸ்தவரைக் கிறிஸ்தவரே தெரிந்தெடுப்பது அம்முறை. இது நமக்கு நன்மையோ தீமையோ என்பதில் நம் முன்னோர் ஒருமனப்படவில்லை. சேலத்திற் பிறந்த கே. டி. பால் அவர்கள் தனிவாக்குரிமையை எதிர்த்தார். 1931-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் எஸ். கே. தத்தா அவர்களும் அதனை மறுக்க, ஏ. டி. பன்னீர்செல்வம் அவர்களோ அதனை வேண்டிய சிறுபான்மையோர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டார். இறுதியில் முன்னவர் கருத்தே வென்றது. அரசியல் நிர்ணய சபையில் எச். சி. முக்கர்ஜி அவர்களும், சென்னையினின்று சென்ற ஜெரோம் டிசூசா அடிகளும் தங்கள் சமூகத்திற்குத் தனிச் சலுகை வேண்டாவென்று நின்றனர். 1949-ஆம் ஆண்டு மே மாதத்தில் மதச் சிறுபான்மையோர்க்கான இட ஒதுக்கீடு கைவிடப்பட்டது. அயலானை நம்பியே அவர்கள் அவ்வேலியைப் பிடுங்கினர்.

அந்நம்பிக்கை வீண்போகவில்லை என்பதற்குத் திண்டுக்கல் தொகுதியே சான்று. 1952-இல் அத்தொகுதியார் அம்மு சுவாமிநாதன் அம்மையாரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். 1957-இல் குலாம் மொகிதீன் அவர்களை அனுப்பினர். 1962-இல் காந்திகிராமம் கண்ட சௌந்தரம் இராமச்சந்திரன் அம்மையாரை அனுப்பினர். ஒருவர் கேரளத்துப் பெண்மணி, ஒருவர் இசுலாமியர், ஒருவர் மருத்துவம் பயின்ற சமூக ஊழியர். இவர்களை ஒரு மதத்தாரின் வாக்கு மட்டும் வெல்வித்திருக்க இயலுமோ? 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஆறு பேரே. அச்சிறு தொகையினர் தனித்து ஒருவரை வெல்விப்பது அரிது. அயலாரோடு சேர்ந்தே எதையும் செய்தல் கூடும். சமயத்தின் பேரால் வாக்குக் கேட்டல் முறைகேடு என்று 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் விதிக்கின்றது. அவ்விதியின் விரிவை 2017-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இவற்றையெல்லாம் யாம் மூப்பர் வீட்டுத் திண்ணையிலிருந்து உற்சாகமாய்ப் பேசினோம். பேச்சின் முடிவில், "ஐயா, இத்துணைத் தெளிவுடைய தாங்களே வரும் சட்டசபைத் தேர்தலில் இந்த நிலக்கோட்டைத் தொகுதியில் நின்றாலென்ன?" என்று வினவினோம். அவர் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர், "தம்பி, இது தாழ்த்தப்பட்டோர்க்குரிய தனித்தொகுதி. என் பெரிய தகப்பனார் மகன் ஞானஸ்நானம் பெறாதவர். அவர் இங்கே நிற்கலாம். அவரும் யானும் ஒரே தெருவினர். ஊரார் எங்கள் இருவரையும் ஒரே இடத்தில்தான் நிறுத்தினர். ஆயினும் யான் கிறிஸ்தவனென்று எழுதிக் கொடுத்தமையால் சட்டத்தின் கண்ணில் யான் தாழ்த்தப்பட்டவனல்லேன். இங்கே வாக்களிக்க ஆவேன், வாக்குக் கேட்க ஆகேன்" என்றார்.

யாம் நாணித் தலைகுனிந்தோம். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர்க்குரிய உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதனுள் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இசுலாமியரும் சேர்க்கப்படவில்லை. இதனை நூல்களில் யாம் படித்ததுண்டு. ஆயினும் நகரத்திலே வசதியாய் வளர்ந்த எமக்கு அது ஒரு பரீட்சை வினாவாகவே இருந்தது. பொதுத்தொகுதியில் அவர் நிற்கலாமென்று சட்டம் கூறும். ஆனால் பணமும் சாதிபலமும் கோலோச்சும் பொதுத்தொகுதியில் எந்தக் கட்சி அவரைத் தேடி வரும்?

வேலியைப் பிடுங்கியது நற்செயலே. அதை மீண்டும் நடல் வேண்டுமென்று யாம் சொல்லோம். ஆனால் அதனைத் துறந்து புகழ் பெற்றோர் கற்றோரும் உயர்நிலையிலிருந்தோருமாவர். அதன்பின் நிழலின்றி வெயிலில் நின்றோர் மூப்பரைப் போன்ற ஏழைச் சபையாரே. துறந்தவர் ஒருவர், அதன் விலையைச் செலுத்தியவர் மற்றொருவர்.

நண்பர்களே, கிறிஸ்தவர் வாக்கு தேசத் தேர்தலை அசைக்குமோ என்று வினவுவோர் பலர். எமக்கோ அவ்வினா முதன்மையானதன்று. ஒரே பந்தியில் எம்மோடு அமரும் சகோதரனுக்கு இல்லாத உரிமையைக் குறித்து, ஆலய வாசலுக்கு வரும் அபேட்சகரை நாம் கேட்கிறோமா? நம் பள்ளிக்கு மானியமும் நம் கல்லறைக்கு மதிலும் கேட்கத் துணிந்த நாம், இதனை எத்தனை முறை கேட்டோம்?

அன்று மாலை பேருந்து ஏறுமுன் மூப்பர் எம் கையில் ஒரு பந்து மல்லிகையைக் கொடுத்து, "அம்மாவிடம் கொடுங்கள், வெள்ளிக்கிழமை மறவாமல் வாக்களியுங்கள்" என்றார். எவர்க்கு என்று அவர் சொல்லவில்லை. யாமும் கேட்கவில்லை.